“நீ இனி வரண்டாம்” என்றால் பங்கு போய்விடுமா? ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் யூனிட்டின் கதை

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடையில், ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயில் சிப்ஸ் போடுகிற ஒரு யூனிட். மூன்று பங்குதாரர்கள்: ஒருவர், அவருடைய மகன், அவருடைய மனைவியின் தம்பி. பெயர்கள் வேண்டாம், அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். மனைவியின் தம்பியைத் தம்பி என்றும், அவர் முறை சொல்லி அழைக்கிறபடி மற்ற இருவரில் அப்பாவை அத்தான், மகனை மருமகன் என்றும் சொல்லிப் போகிறேன். சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டன், உணவு உரிமம், பத்திர வேலைகள் செய்து கொடுப்பது என் தொழில், நான் வக்கீல் இல்லை. இந்தப் பிரச்சினையைச் சட்டப்படி கொண்டுபோனது குழித்துறையில் இருக்கிற ஒரு வக்கீல். காகிதங்களைச் சேர்த்ததும் கணக்குப் போட்டதும் என் பங்கு.

2018-ல் தொடங்கினார்கள். அத்தான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பணத்தில் 8 லட்சம் போட்டார், தம்பி 4 லட்சம் போட்டார், மருமகன் படித்துக்கொண்டிருந்ததால் பணம் எதுவும் போடவில்லை, ஆனாலும் கூட்டாண்மைப் பத்திரத்தில் பெயர் ஏறியது. லாபப் பங்கு 40, 30, 30. தொழில் தெரிந்தவர் தம்பி ஒருவர்தான். குலை பார்த்து வாங்குவது, காய் பிஞ்சா முற்றலா என்று தோலைக் கீறிப் பார்ப்பது, உருளியில் எண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கும்போது மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரைத் தெளிப்பது, எல்லாம் அவர் கை. அதனால் பத்திரத்திலேயே அவரை வேலை செய்யும் பங்குதாரர் என்று எழுதி மாதம் 18,000 ரூபாய் சம்பளமும் போட்டிருந்தார்கள்.

2024 ஓண சீசன் முடிந்த கையோடு ஆரம்பித்தது. முதலில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தம்பியை எடுத்தார்கள். அப்புறம் எண்ணெய் டின்கள் இருக்கிற அறையின் பூட்டு மாறியது. கடை மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. பழையது ஃபர்மின், அதாவது மூவரின் கூட்டாண்மை நிறுவனத்தின், கரண்ட் அக்கவுண்டுக்குப் போகும், புதியது மருமகனின் சொந்த சேமிப்புக் கணக்குக்குப் போகும். தம்பி அதைக் கண்டுபிடித்ததே பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்துத்தான், பெயர் வேறாக வந்தது. அன்று சாயங்காலம் அத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: “நீ இனி யூனிட்டுக்கு வரண்டாம். பையன் பாத்துக்கிடுவான். உனக்குள்ள பைசா உனக்கு வரும்.” சம்பளம் அந்த மாதமே நின்றது. கேட்டதற்கு மருமகன் சொன்ன பதில், “மாமா சம்பளக்காரர்தானே, வேலை இல்லன்னா சம்பளம் எப்படி?”

இந்த வார்த்தையைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருந்தது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-ன்படி பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது, பத்திரத்தில் ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும்தான் உண்டு. அது பிரிவு 13. அப்படி ஒத்துக்கொண்டு வாங்கியதால் ஒருவர் வேலைக்காரர் ஆகிவிட மாட்டார். லாபத்தில் 30 சதவீதம், நஷ்டத்தில் 30 சதவீதம், வங்கிக் கடனில் கையெழுத்து, இதெல்லாம் எந்த வேலைக்காரருக்கு இருக்கிறது? பிரிவு 12 இன்னும் நேராகப் பேசுகிறது: வேறு ஒப்பந்தம் இல்லாத வரை ஒவ்வொரு பங்குதாரருக்கும் தொழிலை நடத்துவதில் கலந்துகொள்ள உரிமை உண்டு, கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை உண்டு. சாதாரண விஷயங்களைப் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். ஆனால் ஒரு பங்குதாரரையே வெளியே தள்ளுவது சாதாரண விஷயம் இல்லை, அதற்கென்று தனியாகப் பிரிவு 33 இருக்கிறது. வெளியேற்றும் அதிகாரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதியிருந்தாலும் நல்லெண்ணத்தோடு பயன்படுத்தியிருக்க வேண்டும். இவர்களுடைய பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. அத்தானும் மகனும் சேர்ந்தால் 70 சதவீதம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நூற்றுக்குத் தொண்ணூறு இருந்தாலும் அந்தப் பத்திரத்தை வைத்துத் தம்பியை விலக்கியிருக்க முடியாது.

அடுத்த மாதம் ஒரு காகிதம் வந்தது. விலகல் பத்திரம், டைப் அடித்து, தம்பி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டு. போட்ட மூலதனம் 4 லட்சம் திருப்பித் தரப்படும், இதற்கு மேல் எந்த உரிமையும் கோர மாட்டேன், பத்து வருடத்துக்குக் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தின்பண்டத் தொழில் எதுவும் செய்ய மாட்டேன். வங்கிக் கடனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா போன் செய்து அழுதார்: “ஒரு ஒப்பு போட்டுத் தா மக்கா, இங்க வீட்டுல சமாதானம் இல்ல.” தம்பி கிட்டத்தட்டப் போட்டுவிட்டார். பேனாவோடு அத்தான் வீட்டுக்குப் போனவரை தம்பியின் மனைவிதான் தடுத்து, காகிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் தோற்றுப்போகிறார்கள், எனக்கு மனசு எரிகிற இடமும் இதுதான். வரண்டாம் என்று சொன்னதால் பங்கு போகாது, பூட்டை மாற்றியதால் போகாது, வாட்ஸ்அப்பில் எடுத்துவிட்டதால் போகாது. அந்த ஒரு கையெழுத்தால் போகும். சொந்தக்காரர்கள் மத்தியில் கணக்குக் கேட்பதே அசிங்கம் என்று நினைத்து, கோபத்தில் “எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்து அழுகிறவர்களை நான் பார்க்கிறேன். கோபம் வரட்டும், சண்டை போடுங்கள், பேசாமல் இருங்கள், ஆனால் கணக்குப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தம்பி அதற்கு முன்பே காவல் நிலையத்துக்குப் போய் வந்திருந்தார். சிவில் விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். அதில் காவலரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பங்குதாரர் ஃபர்மின் பணத்தை எடுத்துக்கொண்டால் அது பொதுவாக நம்பிக்கை மோசடிக் குற்றமாகாது, தனியாக ஒப்படைத்ததற்கான ஏற்பாடு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965-லேயே வேல்ஜி ராகவ்ஜி படேல் வழக்கில் சொல்லிவிட்டது. ஃபர்மின் சொத்தில் எல்லாருக்கும் உரிமை இருப்பதால் வருகிற சிக்கல் அது. கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தால் கதை வேறு, அப்போது காவல் நிலையம்தான் சரியான இடம். இங்கே அப்படி நடக்கவில்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போய் “என்னை உள்ளே விடச் சொல்லுங்கள்” என்று கேட்கலாமே என்றால், அங்கே ஒரு சுவர் நின்றது. பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், ஃபர்மை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யவில்லை. பான் கார்டு இருக்கிறது, ஜிஎஸ்டி இருக்கிறது, கரண்ட் அக்கவுண்ட் இருக்கிறது, அப்புறம் பதிவு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இந்த மாவட்டத்தில் என் கைக்கு வருகிற பத்திரங்களில் நிறைய இப்படித்தான் இருக்கின்றன. பதிவு செய்வது கட்டாயமும் இல்லை. ஆனால் பிரிவு 69, பதிவாகாத ஃபர்மின் பங்குதாரர் ஒப்பந்தத்திலிருந்து வரும் உரிமையை நிலைநாட்ட ஃபர்ம் மீதோ மற்றப் பங்குதாரர்கள் மீதோ வழக்குப் போட முடியாது என்கிறது. இப்போது பதிவு செய்துவிடலாமா? விண்ணப்பத்தில் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அத்தான் போட மாட்டார். நடக்கிற ஃபர்மில் கணக்குக் கேட்டுப் போடும் வழக்கும் இதே சுவரில் முட்டும்.

அதே பிரிவு 69-க்குள் ஒரு கதவு இருக்கிறது, உட்பிரிவு 3. ஃபர்மைக் கலைக்கக் கோரும் வழக்குக்கும், கலைந்த ஃபர்மின் கணக்கைக் கோரும் வழக்குக்கும், கலைந்த ஃபர்மின் சொத்தை வசூலிக்கும் உரிமைக்கும் இந்தத் தடை கிடையாது. ஆக, பதிவு செய்யாதவருக்கு மிச்சம் இருக்கிற பெரிய ஆயுதம் கலைப்பு. இவர்களுடைய பத்திரத்தில் கால அளவும் இல்லை, எப்படி முடிப்பது என்ற ஏற்பாடும் இல்லை. அப்படிப்பட்ட கூட்டாண்மை விருப்பம் இருக்கும் வரை மட்டும் நடப்பது. பிரிவு 43-ன்படி ஒருவர் மற்ற எல்லாப் பங்குதாரர்களுக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தால் போதும், ஃபர்ம் கலைந்துவிடும். நீதிமன்றத்தின் அனுமதிகூட வேண்டாம். அறிவிப்பில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, இல்லையென்றால் அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து. அதிலிருந்து கணக்குக் கேட்க 3 வருடம் காலக்கெடு ஓடத் தொடங்கும், இதை மறக்கவே கூடாது.

தம்பி இதற்குத் தயங்கினார், தயக்கம் நியாயமானதுதான். ஆறேழு வருடம் தன் கையால் வளர்த்ததைத் தானே கலைப்பதா? சிப்ஸ் உறைமேல் இருக்கிற பெயரே தம்பியின் அம்மா பெயர். வக்கீல் பொறுமையாக விளக்கினார். கலைப்பு என்றால் மறுநாள் அடுப்பை அணைப்பது என்று அர்த்தம் இல்லை. கணக்கை முடித்துச் சொத்தைப் பிரிக்கும் வரை எல்லாரும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள், அதுவரை ஃபர்மின் பெயரில் அதே தொழில் செய்யவோ ஃபர்மின் சொத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தவோ யாருக்கும் உரிமை இல்லை, மீறினால் பிரிவு 53-ல் தடை கேட்கலாம். நடத்திக்கொண்டே போக ஆசைப்படுகிறவர் மற்றவருடைய பங்கை நியாயமான விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். அத்தானுக்கு யூனிட் வேண்டும், அதனால் கலைப்பு அறிவிப்பு அவரைத்தான் மேஜைக்குக் கொண்டுவரும்.

அறிவிப்பை உடனே அனுப்பவில்லை. முதலில் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க நாள் குறித்துக் கேட்டு ஒரு கடிதம், ஒப்புகையோடு விரைவுத் தபாலில். அவர்கள் காட்ட மாட்டார்கள் என்று தெரியும், ஆனால் கேட்டதும் மறுத்ததும் காகிதத்தில் இருக்க வேண்டும். கூடவே வங்கி மேலாளருக்குத் தம்பியின் பெயரில் ஒரு கடிதம்: பங்குதாரர்களுக்குள் பிணக்கு இருக்கிறது, இனி என் கையெழுத்தும் இல்லாமல் பணம் எடுக்க விடாதீர்கள் என்று. இப்படி ஒரு கடிதம் போனால் வங்கிகள் பொதுவாகக் கணக்கை நிறுத்தி வைத்துவிடும், அதனால் தொழிலாளர் கூலியும் நின்றுவிடக்கூடாதே என்று, கூலியையும் எண்ணெய்க்காரர் பில்லையும் கொடுக்க நானும் சேர்ந்து கையெழுத்துப் போடத் தயார் என்று அதே கடிதத்தில் எழுதச் சொன்னேன். காய் சீவுகிற ஆறு பெண்களுக்கு இந்தச் சண்டையில் என்ன பங்கு?

மூன்றாவது வேலை ஆதாரம் சேர்ப்பது. தம்பியிடம் பழைய நாள்வரவு நோட்டுகள் இருந்தன. பழைய ஜிஎஸ்டி ரிட்டன் நகல்கள் இருந்தன. க்யூஆர் ஸ்டிக்கரைத் தேதி தெரிய வீடியோ எடுத்தார், இரண்டு மூன்று கடைக்காரர்கள் தாங்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தார்கள். பங்குதாரர் ஃபர்மின் தொழிலிலிருந்தோ சொத்திலிருந்தோ பெயரிலிருந்தோ தனக்கென்று சம்பாதித்ததை ஃபர்முக்குக் கணக்குச் சொல்லித் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 16. மருமகனின் சேமிப்புக் கணக்குக்குப் போன ஒவ்வொரு ரூபாயும் அதற்குள் வரும்.

இனி கணக்கு. 4 லட்சம் போட்டாய், 4 லட்சம் வாங்கிக்கொள் என்பது கேட்க நியாயம் போலத் தெரியும். பிரிவு 48 சொல்லும் வரிசையில் போட்டுப் பார்த்தோம். வேன், சீவும் மெஷின், பேக்கிங் மெஷின் இன்றைய விலைக்கு 9 லட்சம். சரக்கு 3.5 லட்சம். கடைகளில் நிற்கிற பாக்கி 11 லட்சம். வங்கியில் 2.5 லட்சம். மொத்தம் 26 லட்சம். இதிலிருந்து முதலில் வெளிக்கடன்: வங்கிக் கடனும் எண்ணெய்க்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் சேர்த்து 8.5 லட்சம். மீதி 17.5. அடுத்து பங்குதாரர்கள் முதலுக்கு மேல் கொடுத்த கடன். இங்கே ஒரு முக்கியமான விஷயம் வெளியே வந்தது. தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஒரு சமயத்தில் தம்பி தன் மனைவியின் நகையை அடகு வைத்து 1.5 லட்சத்தை ஃபர்ம் கணக்குக்கு அனுப்பியிருக்கிறார், அவரே அதை மறந்துபோயிருந்தார், வங்கி ஸ்டேட்மென்ட் மறக்கவில்லை. முதலுக்கு மேல் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் பிரிவு 13-ல் உண்டு. வட்டியைத் தள்ளி வைத்தாலும் மீதி 16. அதில் அத்தானும் தம்பியும் போட்ட மூலதனம் 12 போனால் 4 மிஞ்சும், அதில் 30 சதவீதம் 1.2 லட்சம். ஆக 1.5, 4, 1.2 என்று 6.7 லட்சம். இன்னும் அந்தப் பெயருக்கான மதிப்பு, நம் ஊரில் குட்வில் என்றே சொல்கிறோம், அதைச் சேர்க்கவில்லை. பிரிவு 55-ன்படி அதுவும் சொத்துதான். ஆடிட்டர் அதைத் தாராளம் இல்லாமல் 6 லட்சம் என்று போட்டார், தம்பி பங்கு 1.8. மொத்தம் 8.5 லட்சம், க்யூஆர் பணமும் நின்றுபோன சம்பளமும் இதில் சேராமலே. பென்சில் குறி போட்ட காகிதத்தில் இருந்தது 4.

பணத்தைவிடப் பயமுறுத்திய விஷயம் கடன். பங்குதாரர் விலகினாலும் அதைப் பொது அறிவிப்பாகக் கொடுக்காத வரை வெளியாருக்கு அவர் இன்னும் பங்குதாரர்தான். பதிவாகாத ஃபர்முக்கு அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் போகிற ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 90 இன்னும் கடுமை: விலகிய ஒரு மாதத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவில்லை என்றால், அவருக்குத் தகவல் போய்ச் சேரும் நாள் வரை வருகிற வரிப் பாக்கிக்கும் விலகியவர் பொறுப்பு. வங்கிக் கடனுக்குப் போட்ட கையெழுத்தோ, வங்கியே எழுதி விடுவித்தால் தவிர போகாது. அந்த விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் தம்பிக்கு யூனிட்டில் உரிமை போயிருக்கும், கடன் மட்டும் கூடவே வந்திருக்கும்.

பத்து வருடத் தடையும் அப்படியே. விலகிய பங்குதாரர் போட்டியாகத் தொழில் செய்யலாம், ஃபர்மின் பெயரைப் பயன்படுத்தாமல், பழைய வாடிக்கையாளர்களை இழுக்காமல், என்பது பிரிவு 36. தடை போட வேண்டுமென்றால் குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ, அதுவும் நியாயமானதாக இருக்க வேண்டும். வேறு தொழில் தெரியாத ஒருவரை மாவட்டம் முழுக்கவும் பக்கத்து மாநிலம் முழுக்கவும் பத்து வருடம் உட்கார வைப்பதை நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் கலைப்பு அறிவிப்பு போனது, வக்கீல் மூலமாக, அத்தானுக்கும் மருமகனுக்கும் தனித்தனியாக. பதில் நோட்டீஸில் தம்பி பங்குதாரரே இல்லை என்று எழுதியிருந்தார்கள், ஜிஎஸ்டி சான்றிதழின் இணைப்பில் அவர் பெயரும் போட்டோவும் இருக்கும்போதே.

வழக்கா சமரசமா என்று வந்தது. 3 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள கூட்டாண்மைப் பிணக்கு வணிகப் பிணக்கு, அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால் வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றே சொன்னது. க்யூஆர் விஷயத்தைக் காட்டி அவசரத் தடையும் ரிசீவரும் (சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் ஆள்) கேட்டு நேராகப் போயிருக்கலாம். ஆனால் ரிசீவர் என்றால் சிப்ஸ் தொழில் தெரியாத ஒருவர் பூட்டும் சாவியுமாக உள்ளே வருவார், கிறிஸ்துமஸ் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் அந்த 6 லட்சம் குட்வில்லும் போய்விடும், அதில் தம்பி பங்கும்தான் போகும். சமரசத்தையே தேர்ந்தெடுத்தார்கள், என் கருத்தும் அதுதான். நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம். எதிர்த்தரப்பு வராவிட்டால் அதையே எழுதி வாங்கி வழக்குப் போடலாம். அவர்கள் வந்தார்கள்.

அமர்வுகளில் அதிகம் பேசியது அந்த வங்கி ஸ்டேட்மென்ட்தான். நகை அடகுப் பணம் வந்த வரியைப் பார்த்ததும் அத்தான் மகனைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கே அது தெரியாது போல. அதற்குப் பிறகு தம்பி பங்குதாரர் இல்லை என்ற பேச்சு எழவில்லை. கடைசியில் 7.75 லட்சம்: 2.5 உடனே, மீதி ஏழு காசோலைகளில் ஒவ்வொன்றும் 75,000. தொழில் தடை ஒரு வருடம், விளவங்கோடு தாலுகாவுக்குள் மட்டும். கரண்ட் அக்கவுண்டை விடுவிக்கும் முன் வங்கி தம்பியைக் கடனிலிருந்து எழுதி விடுவிக்க வேண்டும். பெயர் அத்தானுக்கு, அதை மட்டும் தம்பி கடைசி வரை மனசில்லாமல்தான் கொடுத்தார். இந்தச் சமரசத்துக்கு நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்புக்குச் சமமான மதிப்பு உண்டு, காசோலை திரும்பினால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், நிறைவேற்றச் சொல்லி நேராகக் கேட்கலாம்.

உங்கள் பத்திரத்தில் நடுவரிடம் போக வேண்டும் என்ற வரி இருந்தால் பாதை மாறும். ஃபர்ம் பதிவாகாமல் இருந்தாலும் நடுவர் சட்டத்தின் பிரிவு 9-ல் இடைக்காலப் பாதுகாப்புக் கேட்கலாம் என்று 2004-ல் அசோக் டிரேடர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இது எதுவும் பொருந்தாது, அது கம்பெனிச் சட்டமும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமும். தள்ளப்படுகிறவர் பெண்ணாகவோ, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவராகவோ இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும், அதே ஆணைக்குழுவில் கேளுங்கள். வக்கீல் செலவுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இதை எழுதும்போது நான்கு காசோலைகள் பாஸாகிவிட்டன. வங்கியின் விடுவிப்புக் கடிதம் வந்துவிட்டது, ஜிஎஸ்டியில் தம்பி பெயரை நீக்கும் திருத்தமும் முடிந்தது. நாளிதழ் அறிவிப்பு வந்துவிட்டது, அரசிதழ் அறிவிப்புக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அது அச்சாகி நகல் கைக்கு வரும் வரை ஃபைலை மூடக் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.